சக்கரத்தின் மேற்கு இதழ்

தாமோதரனைப் போலக் கோடு போடுகிற ஆள் சர்வே ஆபீசில் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஆனா ஆளு மரக்கட்டை" என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். சர்வேயர் பென்சிலால் போட்டுத் தருகிற தங்கச் சுரங்கப் பிளானை டிரேசிங் துணியில் மையால் எடுத்து எழுதுவது அவன் வேலை. பதினெட்டு வருஷமாக அதையே செய்கிறான். பூமிக்கடியில் எந்த லெவலில் எந்தப் பாதை எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி உள்ளே இறங்கியது மட்டும் ஒரு நாள்கூடக் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை அவனும் சிரித்துப் பேசுகிற மனுஷன்தான். ராபர்ட்சன்பேட்டையில் புதுப் படம் வந்தால் அவனும் இன்பராஜும் ஒரே சைக்கிளில் போய் முதல் ஆளாக நிற்பார்கள். இன்பராஜ் கூடப் படித்தவன். தன் தங்கை லீலாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்தவனும் தாமோதரன்தான். அண்டர்கிரவுண்ட் வேலைக்காரன் வேண்டாமே என்று லீலா முனகியபோது, "இந்த ஊர்ல வேற யாரு கீறாங்க?" என்று வாயை அடைத்தவனும் அவன்தான். அவனுக்கென்று ஒரு கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. சாப்பாட்டுக்குத் தங்கை வீடு நாலு வீடு தள்ளி இருந்தது, போதும்.

அறுபத்து நாலாம் வருஷம், ஒரு மத்தியானம், அவர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகள் எல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கின. ஆழத்தில் கல் வெடிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. மேலே இருக்கிற பாரம் தாங்காமல் பாறை திடீரென்று சிதறும். அன்றைக்கு அந்த இடத்தில் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேரை எடுத்தார்கள். இன்பராஜை எடுக்க முடியவில்லை. பதினோரு நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, இனி ஆளை அனுப்பினால் அவர்களும் திரும்ப மாட்டார்கள் என்று, அந்த இடத்தைக் கருங்கல் அடுக்கி மூடிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அந்த இடத்தின் பிளான் டிரேசிங்குக்கு வந்தது. வேறு யார் மேசைக்கு வரும்? கல் வெடித்த இடத்துக்கு ஆபீசில் ஒரு குறி உண்டு. சின்னதாக ஒரு சிவப்பு வட்டம், அதைச் சுற்றிப் பல் பல்லாகக் கோடு. தாமோதரன் அதைப் போட்டான். கருங்கல் அடைப்புக்கான குறுக்குக் கோடுகளைப் போட்டான். மை காய்ந்ததும் சுருட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அதோடு சரி. அன்றிலிருந்து அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் தெரிவதில்லை, இருந்தாலும் தெரிவதில்லை. அழவும் இல்லை. அழாததைப் பற்றிக்கூட அவன் யோசித்ததில்லை.

இன்பராஜின் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் லீலா நாலு வயசுப் பெண் கண்மணியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த முதல் மாசமே கேட்டாள்.

"அண்ணா, அவரு எந்த எடத்துல இருக்காரு?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற. வுடு."

ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை கேட்டாள். பிளானில் இருப்பதை வெளியே பேசினால் வேலை போய்விடும் என்றான். வருஷத் திதியன்று மூன்றாம் தடவை கேட்டாள். அவன் கை கழுவ எழுந்து போனான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

வேலை போய்விடும் என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தால் அவன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இருந்தான். கேட்கிறவளுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

*

அறுபத்தாறாம் வருஷம் புத்தர் பிறந்த வைசாகப் பௌர்ணமிக்கு ஒரு மாசம் இருக்கும்போது தர்மராஜ் வந்தார். பௌத்த சங்கத்தின் செகரட்டரி. எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்கிற ஆசை உள்ளவர். செய்வதற்கு எப்போதும் வேறு ஆள் தேடுகிறவர். மைசூர்ப் பக்கம் திபெத்துக்காரர்கள் குடியேறியிருக்கிற இடத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே அவர்கள் வரைகிற மண்டலத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் சதுரம், அதற்குள் தாமரை, எங்கு பார்த்தாலும் பொடிப்பொடியாக வேலைப்பாடு. ஒரு காலண்டர்ப் படத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"தாமு, நம்ம சங்கத்து ஹாலுக்கு இந்த மாதிரி ஒண்ணு வேணும்பா. நடுவுல நம்ம தர்மச் சக்கரம். சுத்தி இவங்க மாதிரி. பத்தடிக்குப் பத்தடி காடாத் துணி வாங்கியாச்சி. கோடு போட உன்ன வுட்டா யாரு?"

"சரி" என்றான் தாமோதரன். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டுமே.

துணிக்குக் கஞ்சி போட்டு, வீட்டு முன்னறையில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தான். ஆணியும் கயிறும் வைத்து வட்டங்கள் போட்டான். எட்டு ஆரம், எட்டு இதழ், அவற்றைச் சுற்றி மூன்று வளையம், ஒவ்வொரு வளையத்திலும் முப்பத்திரண்டு கட்டம். ஒரு நூல் பிசகில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. தர்மராஜ் வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கரெக்டா இருக்குது. ஆனா மொட்டையா இருக்குதேப்பா. ஆபீஸ் பிளான் மாதிரி கீது. பூ, புள்ளி, கொடி, ஏதாச்சும் போட்டு ரொப்பு. பாக்கறவங்க கண்ணு அப்படியே நிக்கணும்."

அவர் போன பிறகு தாமோதரன் ஒரு பழைய காகிதத்தில் தாமரை இதழ் போட்டுப் பார்த்தான். முள்ளங்கி மாதிரி வந்தது. கொடி போட்டான், அது மண்புழு. அளவெடுத்துப் போடுகிற கைக்கு அளவில்லாத வளைவு வரவில்லை. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, ஆபீசிலிருந்து வந்த ஒரு சாயங்காலம், சும்மா இருப்பதற்குப் பதிலாக வளையத்தின் ஓரத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தான்.

புள்ளி சுலபமாக வந்தது. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் புள்ளியால் நிரப்பினான். விட்ட கட்டங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. வட்டத்தின் கரைக்கு இரட்டைக் கோடு, இரண்டுக்கும் நடுவில் ஏணிப்படி மாதிரிச் சின்னச் சின்னக் குறுக்குகள். ஆரங்களுக்கு விட்டு விட்டுக் கோடு. இதழுக்குள் இதழாக மூன்று வரிசை, உள் வரிசைக்கு மட்டும் முனையில் கறுப்பு. நடு வட்டத்தில் ஒரு சதுரம், அதை ஆறாக வகுத்து ஒன்று விட்டு ஒன்று அடைத்தான். இடையிடையே சிவப்பு வேண்டும் போலிருந்தது. அங்கங்கே சின்ன வட்டம் வைத்துச் சுற்றிலும் பல் வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் செந்தாமரை மொட்டு மாதிரி இருந்தது. இந்த வேலைக்கு யோசனையே தேவைப்படவில்லை. கை தன் பாட்டுக்குப் போயிற்று. அவன் அதன் பின்னாலேயே போனான்.

நாலு சாயங்காலம் அப்படிக் கழிந்தது. கண்மணி மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். லீலா காப்பி கொண்டு வந்து வைப்பாள்; ஆறிப் போனதை எடுத்துக்கொண்டு போவாள். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை. துக்கமும் இல்லை. சுரங்கத்துச் சங்கு ஊதினால் நிமிர்வான், விளக்கைப் போட வேண்டும் என்று தெரியும், மறுபடி குனிவான்.

தர்மராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "திபெத்துக்காரன் பாத்தா மிரண்டுடுவான்" என்றார். மறுநாள் ஹாலில் மாட்டுவதற்கு மூங்கில் சட்டம் வேண்டும், ஏனோக்கை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

ஏனோக் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற ஆள். இருபத்து நாலு வருஷ சர்வீஸ். மாதா கோயில் தேரானாலும் மாரியம்மன் பந்தலானாலும் பௌத்த சங்கத்து ஹாலானாலும் மூங்கில் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். அளவெடுக்கக் கயிறைப் பிடித்துக்கொண்டு துணியின் ஒரு ஓரத்தில் குந்தினார். குந்தியவர் எழுந்திருக்கவில்லை.

"தாமோதரா, இது இன்னா?"

"சக்கரம்ணே. திபெத்துக்காரங்க போடற மாதிரி."

"அது சரி. உள்ள இன்னாத்த போட்டு வெச்சிருக்க?"

"சும்மா ரொப்பியிருக்கேன். பூவு, புள்ளி."

ஏனோக் நடு வட்டத்தில் விரலை வைத்தார். வைத்த விரல் மேற்குப் பக்கமாக நகர்ந்தது.

"இது ஷாஃப்ட்டு, கேஜு எறங்கற கெணறு. ஆறு பொட்டி. இது ஸ்டேஷன், கேஜு நிக்கற எடம். இந்த வுட்டு வுட்டு போவுது பாரு, இதுல நான் பத்து வருஷம் ட்ராலி தள்ளியிருக்கேன். இது ஏணி வழி." மேற்கு இதழுக்கு வந்ததும் விரலைத் துணியிலிருந்து எடுத்துவிட்டார். "இந்தக் குறுக்குக் கோடு நான் அடுக்குன கல்லு. பதினோராம் நாளு. கையில தோலே இல்ல எனக்கு அன்னிக்கி."

தாமோதரன் பார்த்தான். அப்போதுதான் பார்த்தான் என்றே சொல்ல வேண்டும். மற்ற ஏழு இதழும் அலங்காரம்தான். ஒன்று போல ஒன்று, எந்த இடத்தையும் சொல்லாதவை. மேற்கு இதழ் அப்படி இல்லை. அதில் பாதை இருந்தது, திருப்பம் இருந்தது, அடைப்பு இருந்தது. அடைப்புக்கு அந்தப் பக்கம் பல் வைத்த சிவப்பு வட்டம், அது இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரேசிங் துணியில் போட்டதைக் கை அப்படியே வைத்திருந்து இங்கே இறக்கிவிட்டது.

"மாத்திடறேன்" என்றான். "வெள்ள பூசிட்டா தெரியாது."

"வாணாம். இருக்கட்டும். தெரியாதவங்களுக்குப் பூவு. தெரிஞ்சவன் பாத்துட்டு ஒரு கும்புடு போட்டுட்டுப் போறான்."

அளவெடுக்காமலே ஏனோக் எழுந்தார். எழும்போதுதான் அடுப்படி நிலையில் லீலா நின்றிருந்ததைக் கவனித்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் கயிறைச் சுருட்டிக்கொண்டு, "சாயங்காலம் வரேம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

லீலா துணியின் ஓரத்துக்கு வந்து நின்றாள். மிதிக்காமல் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அதுல அவரு எங்க?"

இந்தத் தடவை எழுந்து போகக் கை கழுவுகிற சாக்குகூட இல்லை. இது ஆபீஸ் துணியும் இல்லை. தாமோதரன் மேற்கு இதழின் சிவப்பு வட்டத்தின் பக்கத்தில் விரலை வைத்தான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"நம்ம வூடு எங்க?"

"நம்ம வூடு இதுல இல்லியே."

"இல்லன்னு தெரியுது. எங்க வரும்னு கேக்கறேன்."

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டது அளவு சம்பந்தப்பட்டது, அதற்கு அவனால் பதில் சொல்ல முடியும். ஷாஃப்ட்டிலிருந்து சிவப்பு வட்டம் வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்தான். ஆபீஸ் பிளானில் அது எவ்வளவு என்று மனசிலேயே இருந்தது. கணக்குப் போட்டு, துணிக்கு வெளியே, கிழக்குப் பக்கம், தரையில் காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"நம்ம வூடு இங்க வரும். ஷாஃப்ட்டு நேரா எறங்குது. தங்கம் இருக்கற கல்லு நேரா எறங்கல. அது மேற்கால சாய்ஞ்சிகினே போவுது. ஆழம் போகப் போகத் தூரமும் போயிடும். நம்ம லைனு ஷாஃப்ட்டுக்குக் கெழக்க. அவரு அந்தாண்ட கோடி."

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

"ஒண்ணேகால் மைலு."

"அங்க மேல இன்னா இருக்குது?"

"ராஜப்பா கொல்ல. கேவுரு போட்டிருப்பாரே, அது."

"அப்ப நம்ம வூட்டுக்குக் கீழ இல்ல?"

"இல்ல."

"நல்லா பாத்து சொல்லுண்ணா."

அவன் மறுபடி அளந்தான். அவள் கேட்ட விதத்தில் என்னமோ இருந்தது. அதனால் மூன்றாம் தடவையும் அளந்தான்.

"இல்ல லீலா. கிட்டகூட இல்ல."

லீலா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். டம்ளரைப் பார்த்தபடி யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"நான் நமக்கு நேர் கீழன்னு நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்கி இந்த லைன்லதான ஆட்டம் ஜாஸ்தி. என் வூட்டு அலமாரி சொம்பு வாசப்படி வரைக்கும் உருண்டுச்சி. அதான் கீழத்தான் இருக்காருன்னு. மேல நாம தொப்பு தொப்புன்னு நடந்தா, அங்க தொங்கிகினு இருக்கற கல்லு ஏதாச்சும் எறங்கி அவரு மேல வுழுமோன்னு. பைத்தியம் மாதிரிதான். தெரியுது. ஆனா மனசு கேக்கல. கொடத்த நான் டக்குனு வெச்சதில்ல. மொளகா இடிக்கணும்னா தூக்கிகினு பேட்ட மில்லுக்குப் போவேன். இந்தப் புள்ளையையும் வூட்ல ஓட வுட்டதில்ல, குதிக்க வுட்டதில்ல. அப்பா கீழ தூங்கறாரு, மெதுவா நடன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தாமோதரன் கண்மணியைப் பார்த்தான். மைக்கூட்டுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாக இதே வீட்டில் இருக்கிறாள். நாலு வயசில் வந்தவளுக்கு ஆறு வயசு ஆகிவிட்டது. அவள் ஓடி அவன் கேட்டதில்லை. எதையும் கீழே போட்டு, அதட்டு வாங்கி, அழுது கேட்டதில்லை. ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் சத்தமே இல்லையே என்று ஒரு நாள்கூட அவன் யோசிக்கவில்லை. மயிரிழைக் கோடு கோணினால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

"அப்பவே என்ன கேட்டிருக்கக் கூடாதா லீலா?"

"கேட்டேனேண்ணா. மூணு தபா கேட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு கேட்டவனுக்குக் கணக்கு சொன்ன மாதிரிதான் சொன்னாள். தாமோதரனுக்கு நெஞ்சு வலித்தது. இன்பராஜ் போன அன்றைக்கு வலிக்காதது, சிவப்பு மை போட்ட அன்றைக்கு வலிக்காதது, எல்லாம் சேர்ந்து இப்போது வலித்தது. 'இல்ல' என்று ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் சும்மா இருந்திருக்கிறான். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் ஸ்கேலைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

லீலா முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"கண்மணி, இங்க வா. இனிமே நீ வூட்ல குதிக்கலாம். ஓடலாம். ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கண்மணி எழுந்து வந்தாள். காலைப் பார்த்து வைத்து, சத்தமில்லாமல், எப்போதும் போலத்தான் வந்தாள். அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா எழுந்துட்டாரா?"

தாமோதரன்தான் குந்தி, குழந்தையின் உயரத்துக்கு வந்து சொன்னான்.

"இல்லம்மா. அவரு ரொம்ப தூரத்துல இருக்காரு. நீ குதிச்சா அவருக்குக் கேக்காது."

கண்மணி அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சிமெண்டுத் தரையில் லேசாக ஒரு குதி குதித்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்தாள். "இன்னும் ஜோராக் குதி" என்றான் தாமோதரன்.